26,000 டாலருக்குள் ஒரு வி8: நான்கு பழைய கார்கள், ஆறு வாரங்கள்

என் மனைவியின் தம்பிக்கு வயது 29. டாலஸை ஒட்டிய இர்விங்கில் அபார்ட்மென்டில் இருக்கிறான். வண்டி நிற்பது கூரையோ கதவோ இல்லாத திறந்த பார்க்கிங்கில். நான்கு வருடமாக ஒரு சிறிய ஜப்பானிய காரை ஓட்டிக்கொண்டு, பக்கத்தில் போகும் ஒவ்வொரு வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) சத்தத்துக்கும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தவன். 2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன், "அத்தான், 26,000 டாலர் சேர்த்துட்டேன். கடன் வாங்க மாட்டேன். ஒரு டாட்ஜ் சேலஞ்சர் வாங்கித் தாங்க" என்றான். பணம் அவனுடையது, தலைவலி என்னுடையது என்று அர்த்தம்.

அடுத்த ஆறு வாரத்தில் நான்கு வண்டிகளை நேரில் பார்த்தோம். மூன்றை விட்டோம், ஒன்றை வாங்கினோம். வாங்கியதிலும் நான் ஒரு இடத்தில் சறுக்கினேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பிரித்தது

26,000 என்பது வண்டியின் விலை அல்ல, எல்லாம் சேர்ந்த கடைசித் தொகை என்று அன்றைக்கே பேசி முடித்தோம். டெக்சாஸில் பழைய வண்டிக்கும் 6.25 சதவீத விற்பனை வரி உண்டு. தனியாரிடம் வாங்கினால் அதில் ஒரு கொக்கியும் இருக்கிறது. அந்த வண்டிக்கு மாநில அரசு ஒரு மதிப்பு வைத்திருக்கும். அதில் 80 சதவீதத்துக்கும் கீழே நீங்கள் வாங்கியிருந்தாலும், அந்த 80 சதவீதத்துக்குத்தான் வரி. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதும் நம் ஊர்ச் சாமர்த்தியம் இங்கே வேகாது.

வாங்கிய முதல் வருடத்துக்கு 2,500 டாலரைத் தொடாமல் ஒதுக்கினோம். பத்து வருடப் பழைய வண்டி எதையாவது கேட்கத்தான் செய்யும். முதல் ஆறு மாத இன்சூரன்ஸுக்கு 1,300 வரை. பரிசோதனை, டைட்டில் (உரிமைப் பத்திரம்), பதிவு எல்லாவற்றுக்கும் சேர்த்து 300. மிச்சத்தில் வரியைக் கழித்தால் வண்டிக்கு நாங்கள் கொடுக்கக்கூடியது சுமார் 20,600. 26,000 என்று நினைத்து விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவனுக்கு இந்த எண் பிடிக்கவில்லை. இரண்டு நாள் பேசவில்லை.

இன்சூரன்ஸை முதலிலேயே கேட்டது, இந்த ஆறு வாரத்தில் நாங்கள் செய்த உருப்படியான காரியம். வண்டியின் 17 இலக்க வின் எண்ணைக் கொடுத்தால் எந்தக் கம்பெனியும் சில நிமிடத்தில் தொகை சொல்லிவிடும். அவன் வயது, அவன் முகவரி, ஒரே அளவு காப்பீடு என்று வைத்துக் கேட்டதில், ஆறு மாதத்துக்கு ஃபோர்டு மஸ்டாங் ஜிடிக்கு 1,190, ஷெவர்லே கமாரோ எஸ்எஸ்ஸுக்கு 1,350, சேலஞ்சர் ஆர்/டிக்கு 1,720 டாலர் வந்தது. சேலஞ்சருக்கு ஏன் இவ்வளவு? பெரிய காரணம் திருட்டு. அமெரிக்க இன்சூரன்ஸ் துறையின் இழப்புத் தரவு நிறுவனம் வெளியிடும் திருட்டுப் பட்டியல்களில் டாட்ஜ் சார்ஜரும் சேலஞ்சரும் மேல் வரிசையிலேயே இருக்கும். 2021-ல் டாட்ஜ் இதற்காக ஒரு மென்பொருள் பூட்டே கொண்டுவந்தது. சரியான குறியீட்டைப் போடாவிட்டால் எஞ்சின் வெறும் 2.8 குதிரைத்திறனுக்கு மேல் தராது, திருடன் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் அது 6.4 லிட்டர், ஹெல்கேட் வகையறாக்களுக்குத்தான் வந்தது. எங்கள் பட்ஜெட்டில் இருந்த 5.7 லிட்டர் ஆர்/டிக்கு இல்லை.

எந்த வண்டி, எந்த வருடம்

கறாராகப் பார்த்தால் மசில் கார் (பெரிய எஞ்சின் போட்ட முரட்டு வண்டி) என்ற பெயர் 1964-ல் நடுத்தர அளவு பான்டியாக் காருக்குள் 389 கன அங்குல வி8-ஐ நுழைத்து ஜிடிஓ என்று விற்றார்களே, அந்த வழி வண்டிகளுக்குத்தான் பொருந்தும். மஸ்டாங்கையும் கமாரோவையும் போனி கார் என்பார்கள். இந்தச் சண்டையைக் கிளப்பினால் ராத்திரி முடியாது. அறுபதுகளின் வண்டியே வேண்டும் என்று அவன் கேட்கவில்லை, தப்பித்தேன். இந்தப் பணத்துக்கு அந்தக் காலத்து வண்டி கிடைத்தாலும் தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் நிலையில் கிடைக்காது. தவிர, 1971 வரை விளம்பரங்களில் போட்ட குதிரைத்திறன் எல்லாம் எஞ்சினைத் தனியாகக் கழற்றி வைத்து, ஃபேனும் சைலன்ஸரும் இல்லாமல் அளந்த கணக்கு. 1972 முதல்தான் வண்டியில் பொருத்தியபடி அளக்கத் தொடங்கினார்கள். பழைய எண்களை இன்றைய எண்களோடு ஒப்பிட்டு ஏங்குவதில் அர்த்தமில்லை.

சரி, மஸ்டாங். 2005 முதல் 2010 வரையிலான ஜிடியில் 4.6 லிட்டர் வி8, 300 குதிரைத்திறன், கடைசி வருடம் 315. விலை குறைவுதான். ஆனால் 2008-க்கு முந்தையவற்றில் ஸ்பார்க் பிளக் இரண்டு துண்டாகச் செய்யப்பட்டது. கழற்றும்போது கீழ்த்துண்டு எஞ்சின் தலைக்குள்ளேயே உடைந்து தங்கிவிடும். பிளக் மாற்றும் சாதாரண வேலை ஒருநாள் அறுவை சிகிச்சையாகிவிடும். 2011-ல் 5 லிட்டர் கொயோட்டி எஞ்சின் வந்தது. 412 குதிரைத்திறன், 2013-ல் 420. இந்த எஞ்சினை நோண்டாமல் விட்டால் பொதுவாக நல்ல பெயர். சூப்பர்சார்ஜர் மாட்டி விரட்டினால்தான் ஆயில் பம்ப்பின் உள்பற்கள் நொறுங்கும் கதைகள் வரும். அதே ஆண்டுகளின் எம்டி-82 மேனுவல் கியர்பாக்ஸ் மேல் குறை சொல்லும் உரிமையாளர்கள் நிறைய. குளிரில் இரண்டாவது கியர் விழாமல் முரண்டு பிடிக்கும் என்பது அடிக்கடி கேட்கும் புகார். ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தொல்லை இல்லை. 2015-ல் உடலும் மாறி, பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷனும் வந்து, 435 குதிரைத்திறனும் ஆனது. விலையும் ஒரு படி ஏறிவிடுகிறது.

இடையில் ஒன்று. 2011 மஸ்டாங்கின் 3.7 லிட்டர் வி6 எஞ்சின் 305 குதிரைத்திறன் தரும். 2005-ன் வி8-ஐ விட அதிகம், விலையும் இன்சூரன்ஸும் குறைவு. அறிவுள்ளவன் அதைத்தான் வாங்குவான். சொல்லிப் பார்த்தேன். "அத்தான், சத்தம்?" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கமாரோ 2010 முதல் 2015 வரையிலான தலைமுறைதான் எங்கள் விலைக்குள். எஸ்எஸ் மேனுவலில் எல்எஸ்3 எஞ்சின், 426 குதிரைத்திறன். ஆட்டோமேட்டிக்கில் எல்99, 400. எல்எஸ்3 அருமையான எஞ்சின், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் கண்ணாடிகள் தபால் பெட்டியின் வாய் மாதிரி. பின்னால் எதுவும் தெரியாது.

சேலஞ்சர் ஆர்/டி கிட்டத்தட்ட 1,870 கிலோ. மஸ்டாங்கை விட 200 கிலோவுக்கு மேல் கனம். ஆனால் பின் இருக்கையில் பெரியவர்கள் நிஜமாகவே உட்காரலாம், டிக்கியும் பெரியது. 2015 முதல் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். ஹூஸ்டனுக்கு நான்கு மணி நேரம் ஓட்டிப் போக இதைவிடச் சொகுசான வி8 இந்தப் பணத்துக்குக் கிடையாது. அவன் ஆசையில் தப்பில்லை.

சேலஞ்சரும் கமாரோவும் 2023 டிசம்பரோடு உற்பத்தி நின்ற வண்டிகள். "இனிமேல் வராது சார்" என்பது எல்லா விற்பனையாளர் வாயிலும் இருக்கிறது. வராதுதான். ஆனால் அதுவரை வந்தவை லட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

முதல் வண்டி: சூடாக இருந்த சேலஞ்சர்

2015 ஆர்/டி, 82,000 மைல், ஒரு டீலரிடம் 20,900. மாலை ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். போனதும் பானெட் மேல் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி இருந்தது. எங்களுக்காக முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார்கள். "இப்பத்தான் இன்னொருத்தர் ஓட்டிப் பார்த்தார்" என்றார் விற்பவர். இருக்கலாம். ஓட்டிப் பார்த்தோம், பழுதில்லாமல் ஓடியது. தம்பியின் முகத்தில் கல்யாணக் களை.

அடுத்த நாள் காலை, சொல்லாமல், கடை திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றோம். எஞ்சின் குளிர்ந்து கிடந்தது. ஸ்டார்ட் செய்ததும் டிக்-டிக்-டிக் என்று ஒரு சத்தம், தையல் மிஷின் போல.

சேலஞ்சரின் 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினில் இந்தச் சத்தத்துக்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. ஒன்று எளிது: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (எஞ்சினின் புகையைத் திரட்டி அனுப்பும் குழாய்) பிடித்திருக்கும் போல்ட்டுகள் உடைந்து, இடுக்கு வழியே புகை கசிவது. எஞ்சின் சூடாகி உலோகம் விரிந்ததும் இடுக்கு அடைபட்டுச் சத்தம் குறைந்துவிடும். இன்னொன்று விபரீதம்: வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் மேல் உருளும் லிஃப்டரின் சக்கரம் இறுகி, உருளாமல் தேய்த்து, கேம்மையே அரித்துவிடுவது. அந்தச் சத்தம் சூடானாலும் போகாது. கடைசியில் எஞ்சினைப் பாதி பிரிக்க வேண்டி வரும். ஆர்/டி ஆட்டோமேட்டிக்கில் நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது நான்கு சிலிண்டர்கள் தாமாகவே ஓய்வெடுக்கும். அதற்கான தனி லிஃப்டர்கள்மேல்தான் மெக்கானிக்குகள் அதிகம் சந்தேகப்படுகிறார்கள். மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிற்பதும் இதற்கு ஆகாது என்பார்கள்.

ஐந்து நிமிடத்தில் சத்தம் குறைந்தது. எனவே அநேகமாக முதல் காரணம். அநேகமாக. ஆயில் மாற்றியதற்கு ஒரு ரசீது கூட இல்லை, முந்தைய உரிமையாளர் யார் என்றே டீலருக்குத் தெரியவில்லை. எது என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குக்குக் காசு கொடுக்கலாமா என்று பார்க்கிங்கில் நின்று யோசித்தோம். அப்போது அவனே சொன்னான்: "இன்சூரன்ஸும் 1,720 அத்தான். எங்க பார்க்கிங்ல கேமரா கூட இல்ல." அவன் ஆசைப்பட்ட வண்டியை அவனே விட்டதால் எனக்கு வாதாடும் வேலை மிச்சம்.

இரண்டாவது: ஆசையாகச் செதுக்கிய கமாரோ

2012 எஸ்எஸ் மேனுவல், தனியார், 19,500. விற்ற இளைஞன் அந்த வண்டியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டவன். அதுதான் பிரச்சினை. கேம் மாற்றியிருந்தான், நீண்ட ஹெடர்கள் (புகைக் குழாய்கள்) போட்டிருந்தான், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்களைக் கழற்றி எடுத்திருந்தான், எஞ்சின் கம்ப்யூட்டரில் புது டியூன். ஸ்டார்ட் செய்ததும் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. தம்பி சிரித்தபடி நின்றான், நானும்தான்.

டெக்சாஸில் 2025 ஜனவரி முதல் சொந்தக் கார்களுக்கு வருடாந்திரப் பாதுகாப்புப் பரிசோதனை கிடையாது. அதனால் புகைப் பரிசோதனையும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். டாலஸ், டாரண்ட், காலின், டென்டன் உட்படப் பெரிய நகரங்களைச் சுற்றிய கவுண்டிகளில் (மாவட்டங்களில்) அது அப்படியே இருக்கிறது. கையோடு கொண்டுபோயிருந்த, எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகினேன். பிழைக் குறியீடு எதுவும் இல்லை, ஆனால் கேட்டலிஸ்ட் பரிசோதனைப் பிரிவு 'தயாரில்லை' என்று காட்டியது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ, குறியீடுகளை அழித்தாலோ இப்படிக் காட்டும். கன்வெர்ட்டரே இல்லாத வண்டியில் அந்தப் பரிசோதனையை டியூனில் முடக்கியிருந்தாலும் காட்டும். பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டோம். விற்றுவிட்டானாம்.

மேலே ஏற்றிய பாகங்களுக்குச் செலவான பணத்தை விலையில் கேட்டான். எங்களுக்கோ அவற்றைக் கழற்றும் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது. எதிரெதிர்த் திசை, பேரமே ஆரம்பிக்கவில்லை. கிளம்பும்போது, 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தத் தலைமுறைக் கமாரோக்களைச் சாவிக்காகத் திரும்ப அழைத்ததை மட்டும் அவனிடம் சொன்னேன். ஓட்டுபவரின் முழங்கால் பட்டுச் சாவி திரும்பி எஞ்சின் நின்றுவிடக்கூடும் என்பதுதான் காரணம். அவன் கையில் இருந்தது பழைய மடக்குச் சாவியேதான்.

மூன்றாவது: மலிவாகக் கிடைத்த மஸ்டாங்

2015 ஜிடி, 64,000 மைல், 17,900. சந்தை விலையை விட நாலைந்து ஆயிரம் குறைவு. நம் ஊர் ஆர்.சி. புக்கின் இடத்தில் இங்கே டைட்டில் என்ற ஒற்றைக் காகிதம். விபத்திலோ வெள்ளத்திலோ இன்சூரன்ஸ் கம்பெனி 'முழு நஷ்டம்' என்று எழுதிய வண்டிக்கு அதில் முத்திரை விழும். இந்த வண்டியின் டைட்டில் சுத்தமாக இருந்தது. ஆனால் வரலாற்று அறிக்கையில், ஒரே வருடத்துக்குள் மூன்று மாநிலங்களில் பதிவு மாறியிருந்தது. ஒவ்வொரு மாநிலமும் முத்திரைகளை ஒவ்வொரு விதமாக எழுதுவதால், இப்படிச் சுற்றவிட்டே கறையைப் போக்குவதற்கு டைட்டில் கழுவுதல் என்றே பெயர்.

வின் எண்ணை இணையத்தில் தேடியதில் ஓர் ஏலத் தளத்தின் பழைய படம் சிக்கியது: அதே நிறம், அதே சக்கரம், கதவின் பாதி உயரம் வரை சேற்றுக் கோடு. படத்தின் தேதி, 2017 ஆகஸ்டில் ஹூஸ்டனை மூழ்கடித்த ஹார்வி புயலுக்குப் பிந்தைய மாதம். இருந்தாலும் போய்ப் பார்த்தோம், தம்பிக்குக் காட்டுவதற்காகவே. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுக்கச் சொன்னேன். யாரும் தினமும் தொடாத அந்தக் கடைசி இரண்டடி மண் நிறத்தில் இருந்தது. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் போல்ட் தலைகள் துருவேறியிருந்தன. இருக்கைகள், கார்ப்பெட் எல்லாம் புதுசு. பத்து நிமிடத்தில் நன்றி சொல்லிக் கிளம்பிவிட்டோம்.

நான்காவது

டென்டனில் ஓய்வு பெற்ற ஒருவர். 2014 மஸ்டாங் ஜிடி ஆட்டோமேட்டிக், 58,000 மைல், கேட்டது 21,500. சிங்கிள் ஓனர். நாங்கள் கேட்பதற்கு முன்பே, "நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யவில்லை" என்றார். கராஜுக்குள் நின்ற வண்டி, பானெட் ஜில்லென்று இருந்தது. மேசை மேல் ஒரு ஃபைல்: வாங்கிய நாளிலிருந்து ஆயில் ரசீதுகள், தேதி வாரியாக. இந்த எஞ்சினுக்கு ஒரு தடவைக்கு எட்டு குவார்ட் ஆயில் வேண்டும். ஆறு ஊற்றி முடித்துவிடும் கடைகளும் உண்டு என்பதால் ரசீதில் அந்த எண்ணைத் தேடினேன். எட்டு என்றே இருந்தது.

ஸ்கேனரில் எல்லாப் பிரிவுகளும் 'தயார்'. பெயின்ட் கனம் அளக்கும் மீட்டரை உடம்பு முழுக்க வைத்துப் பார்த்ததில், மற்ற இடமெல்லாம் 110, 120 மைக்ரான். பின்பக்க வலது மூலையில் மட்டும் 260. கேட்டேன். மருந்துக்கடைப் பார்க்கிங்கில் யாரோ உரசிவிட்டுப் போன கதையைச் சொல்லி, ஃபைலிலிருந்து அந்த ரசீதையும் எடுத்து நீட்டினார். இந்த ஒரு நிமிடம்தான் முடிவு செய்தது என்பேன். காயமே இல்லாத வண்டியைவிட, காயத்துக்குக் கணக்கு இருக்கும் வண்டி எனக்கு நிம்மதி தரும்.

வெடித்துச் சிதறும் ஆபத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட தகாட்டா ஏர்பேக் விவகாரத்தில் 2005 முதல் 2014 வரையிலான மஸ்டாங்குகள் உண்டு. நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் வின் எண்ணைப் போட்டதும் பயணி பக்க ஏர்பேக் மாற்றப்படாமல் இருப்பது தெரிந்தது. டீலரிடம் இலவசமாக மாற்றுவார்கள். அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை, கொஞ்சம் வெட்கப்பட்டார். இருக்கும் சாவியும் ஒன்றே ஒன்றுதான்.

எங்களுக்கு அவரையோ அவருக்கு எங்களையோ தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் 190 டாலருக்கு லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். பின் ஆக்ஸிலில் லேசான ஈரக்கசிவு, கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற வேண்டிய வயது. வேறொன்றுமில்லை. இதையும் சாவியையும் வைத்து 20,000 என்று ஆரம்பித்து 20,400-ல் முடித்தோம். கவுண்டி வரி அலுவலகத்தில் அவரும் உடன் வந்து கையெழுத்துப் போட்டார். வரி 1,275, டைட்டிலும் பதிவும் சுமார் 110.

நான் சறுக்கியது

டயர். பட்டன் ஆழம் பார்த்தேன், முக்கால்வாசி இருந்தது. பக்கவாட்டில் அச்சிட்ட கடைசி நான்கு எண்களைப் பார்க்கவில்லை. அதில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். வாங்கி மூன்றாவது வாரம் மழை. 635 நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் அவன் லேசாக மிதித்ததற்கே பின்பக்கம் வெளியே போனது. டிராக்ஷன் கன்ட்ரோல் பிடித்துக்கொண்டது. அன்றிரவு வந்து குனிந்து பார்த்தேன்: 1117. 2017-ன் பதினோராவது வாரம். எட்டு வருடம். குறைவாக ஓடிய வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன்னால் இறுகிப்போய்விடும். இது எனக்குத் தெரியும், தெரிந்தும் பார்க்கவில்லை. நல்ல மனிதர், நல்ல ஃபைல் என்றதும் மனசு இளகிவிட்டது. பேரத்திலேயே குறைத்திருக்க வேண்டிய பணம்.

நான்கு டயருக்கு 840, கியர்பாக்ஸ் உட்பட ஆயில்களுக்கு 430, இரண்டாவது சாவிக்கு 280. ஏர்பேக் இலவசமாக மாறிவிட்டது. இன்சூரன்ஸ் 1,190-ஐயும் கழித்தால் 26,000-ல் மிச்சம் 1,285 டாலர். ஆக்ஸில் கசிவு அப்படியேதான் இருக்கிறது, மாதம் ஒரு தடவை கீழே அட்டை விரித்துப் பார்க்கிறோம், சொட்டவில்லை.

போன வாரம் அவன் கேட்டது: "அத்தான், அந்த 1,285-ல எக்ஸாஸ்ட் மட்டும் மாத்திக்கட்டுமா?" இன்னும் பதில் சொல்லவில்லை.